ஏழாவது தலையணை உறை

எங்கள் சித்தி வாயில் கவளத்தை வைத்துக்கொண்டே தூங்கிவிடுவாள். தோளைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து மென்று விழுங்கிவிட்டு, "என்னடி சொன்னே?" என்பாள். ஒருநாள் அவள் கண் சொக்கின நேரம் பார்த்து அவள் தட்டை நான் காலி செய்துவிட்டு, "சாப்பிட்டாச்சு சித்தி, எழுந்து கையைக் கழுவு" என்றேன். சமர்த்தாக எழுந்து போய்க் கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் காலையில், ஏன் இப்படிப் பசிக்குது என்று வயிற்றைத் தடவிக்கொண்டே அவள் வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்தேன். அந்த விளையாட்டை அன்றோடு விட்டுவிட்டேன். வேறு விளையாட்டுகள் நிறைய இருந்தன.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. ஆற்றோரத்து நீராவிச் சலவைக்கூடத்தில் குறி போடுகிறவள். ஊரில் பாதி வீட்டு அழுக்கு அங்கேதான் வரும், எல்லாம் ஒரே கொப்பரையில் வேகும். வெந்த பிறகு எந்தத் துணி யாருடையது என்று கடவுளுக்கே குழப்பம் வரும். சித்திக்கு வராது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருந்தாள். சிவப்பு நூலில், துணியின் விளிம்பு மடிப்புக்கு உள்ளே, கடுகளவுக்குத் தைத்திருப்பாள். ரெண்டு புள்ளி ஒரு கோடு என்றால் முடிதிருத்துகிறவர் வீடு. வட்டத்துக்குள் புள்ளி என்றால் டிரில் வாத்தியார் வீடு. இப்படி முந்நூறுக்கு மேல். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது.

"ஊர் வண்டவாளம் முழுக்க என் மேசைக்குத்தான்டி வருது வாலு" என்பாள். வாலு நான்தான். "யார் வீட்டுல யார் தனியாப் படுக்கிறாங்க, யார் ராத்திரி அழறாங்க, எல்லாம் துணி சொல்லும். ஆனா நான் சொல்ல மாட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு சித்தி."

"உன் டிரில் வாத்தியார் வேட்டை நாய் மாதிரி கத்துறாரே, அவர் பனியன்ல பதினேழு ஒட்டு. போதுமா?"

பள்ளிக்கூடத்தைச் சிப்பாய்கள் தங்குவதற்கு எடுத்துக்கொண்டதால் என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. நாட்டுக்காக நான் செய்த தியாகம் அது ஒன்றுதான், மனசாரச் செய்தேன். அப்பா போர்முனையில் இருந்தார். அம்மாவுக்கு அதே சலவைக்கூடத்தில் துணிக்குக் கஞ்சி போடுகிற வேலை. மூன்று பேருக்கும் ஓர் அறை. அதில் இரண்டு கட்டில், ஒரு மேசை, உட்கார்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும் ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக் காலை அறுத்தது நான்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வருவார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். வந்தால் அறை முழுக்கத் தவிட்டு வாசனை அடிக்கும். நாற்காலியை நம்பாமல் சித்தி கட்டிலில்தான் உட்காருவார். தாய் தகப்பன் போன பிறகு தங்கைகள் இரண்டு பேரையும் வளர்த்தவர் அவர். சித்திக்கு எட்டு வயசில் விஷக் காய்ச்சல் வந்தபோது, மழையில் நான்கு மைல் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். சித்தி வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகப் போட்ட குறி அவர் வீட்டுக்குத்தான். மூணு கோடு. "நாம மூணு பேர்" என்று சொல்லிப் போட்டாளாம்.

சண்டை வந்ததும் ராணுவ ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பெல்லாம் எங்கள் கூடத்துக்கு வர ஆரம்பித்தது. பத்து மணி நேர வேலை பதினாலு ஆனது. வெக்கை வெளியே போகக்கூடாது என்று உலர்த்தும் அறைக் கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டார்கள். உள்ளே இருக்கிற பெண்கள் மயங்கி விழுந்தால், கதவு திறக்கிற மணி வரைக்கும் விழுந்து கிடக்க வேண்டியதுதான். விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளையில் ஒரு பெண்ணின் கை மணிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை அடித்திருந்தால் போயிருக்காது. பலகை கேட்டதற்கு மேலாளர், "போர்முனையில எத்தனை பேருக்குக் கை போகுது, அவங்க பலகையா கேக்குறாங்க?" என்றாராம்.

அந்த வாரம்தான் சங்கம் முளைத்தது. கொப்பரை அறையில், நீராவி மறைப்புக்குப் பின்னால், ஐந்து பேர். எதையும் மறக்க மாட்டாள் என்பதால் சித்தியைச் செயலாளர் ஆக்கினார்கள். மூன்றே கோரிக்கை. தாழை எடு, பலகையை அடி, பத்து மணி நேரத்துக்குத் திரும்பு. ஒரு மாசத்துக்குள் செய்யாவிட்டால் வேலைநிறுத்தம். மறுநாளே ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. எதிரி நாட்டுக்காரன் சலவைக்காரிகளைத் தூண்டிவிடுகிறான், விரிப்பு இல்லாமல் நம் பையன்கள் சாகப்போகிறார்கள் என்று. அந்த விரிப்புகளில் எங்கள் அப்பாவும் ஒருநாள் படுக்கலாம் என்று சித்திக்குத் தெரியாதா?

சேர்ந்தவர்கள் பெயரைக் காகிதத்தில் எழுதவில்லை. காகிதம் அகப்பட்டால் அத்தனை பேருக்கும் வேலை போகும். அதற்கப்புறம் ரயிலில் ஏற்றி ஊரை விட்டே அனுப்புவார்கள், டிராம் தொழிலாளர்களை அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள். அதனால் சித்தி தனக்குத் தெரிந்த வழியில் எழுதினாள். சேருகிற ஒவ்வொருத்தியும் ஒரு குறி சொல்ல வேண்டும், சித்தி அதைத் தன் படுக்கை விரிப்பின் ஓர மடிப்புக்கு உள்ளே தைத்துக்கொள்வாள். ஒருத்தி பூ கேட்டாள். ஒருத்தி ஏணி. கை போன பெண் ஐந்து கோடு கேட்டாள், விரலுக்கு ஒன்றாக. நாற்பத்தொரு குறி. சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் மேல்தான் சித்தி குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அம்மா சேரவில்லை. "ஒரு வீட்டுல ஒருத்திக்குப் பைத்தியம் பிடிச்சாப் போதும்" என்றாள்.

ஊரில் இன்னொரு கூட்டமும் முளைத்திருந்தது. தங்களை நாட்டுக் காவலர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். தலையணை உறையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் ஊரார் அவர்களைத் தலையணைக்காரர்கள் என்றார்கள், கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக. முதலில் டிராம் சங்கக்காரரைப் பிடித்தார்கள். தாரைக் கொதிக்கவைத்து ஊற்றி, கொடிக்கம்பத்தில் கட்டி அடித்தார்கள். மூன்றாம் நாள் அவர் செத்துப்போனார். ஓடும் டிராமிலிருந்து தவறி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. டிராமில் தார் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா வந்து சித்தி கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்தப் பேர்ப்பட்டியலைக் குடுத்துடு. நான் நாலு பேர்கிட்டப் பேசி உன்னை விட்டுடச் சொல்றேன்."

"எந்த நாலு பேர்ண்ணா?"

"கடைக்கு வர்றவங்கதான். பேச்சு அடிபடுது."

"கடைக்கு வர்றது மாடுங்கதானே?" என்றேன் நான். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

மாமா சிரிக்கவில்லை. விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, "சின்ன வயசுலயே சொன்ன பேச்சுக் கேக்க மாட்டா" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் விரலுக்குக் கீழே ஏணியும் பூவும் இருந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவதுபோல் வெளியே ஓடிவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மூட்டைகள் வருகிற நாள். முடிதிருத்துகிறவர் வீட்டு மூட்டையைச் சித்தி பிரித்தபோது உள்ளே ஒரு தலையணை உறை இருந்தது. கண்ணுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் தார், இன்னொரு ஓரத்தில் காய்ந்த ரத்தம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வேறு வேறு மூட்டைகளிலிருந்து ஏழு உறை வந்து சேர்ந்தன. அழுக்கானதையெல்லாம் மூட்டையில் போடுவது அந்த வீடுகளின் பழக்கம், போட்டுவிட்டார்கள். ஊரையே நடுங்கவைக்கிற ஆண்பிள்ளைகள், தங்கள் முகமூடியைத் தாங்களே ஒரு வாளித் தண்ணீரில் அலசவில்லை. சலவைக்காரிக்கும் கண் இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இதைச் சித்தி வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா பயந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"போலீசுக்குச் சொல்லிடலாமா?" என்றேன்.

"இன்ஸ்பெக்டர் கால்சட்டையும் இன்னிக்குத்தான் வந்துச்சு. முட்டிக்குக் கீழே தார்" என்றாள் சித்தி. காலை நீட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். "துவைச்சுத் தேய்ச்சுத் திருப்பி அனுப்பிட்டாப் போச்சு. நம்ம வேலை அதுதானே. குறியை மட்டும் கொஞ்சம் இடம் மாத்திப் போடப்போறேன்."

அவள் செய்தது இதுதான். உள்மடிப்பில் இருந்த குறியைப் பிரித்துவிட்டு, அதே குறியை உறையின் வெளிப்பக்கம், பின்கழுத்து வரும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு நூலில் தைத்தாள். மாட்டிக்கொள்கிறவன் கண்ணுக்கு ஓட்டை எங்கே என்றுதான் பார்ப்பான், பின்னால் பார்க்க மாட்டான். அடுத்தவன் பார்த்தாலும் புரியாது. அழுக்குச் சட்டை வெள்ளையாகத் தன்னிடம் எப்படித் திரும்பி வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால்தானே சலவைக் குறி தெரியும்? தினமும் குறி பார்த்து மூட்டை கட்டுகிற கூடத்துப் பெண்களுக்கு மட்டும்தான் அதைப் படிக்கத் தெரியும். கொப்பரை அறையில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்: "வந்தா அலறாதீங்க. பின்கழுத்தைப் பாருங்க. பார்த்துட்டு மரியாதையா விசாரிங்க."

குறும்பில் நான்தான் ராணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் காலிலிருந்து செருப்பை நானே கழற்றிவிட்டேன்.

"ஏழுலயும் போட்டுட்டியா சித்தி?" என்று இரண்டு நாள் கழித்து ராத்திரி கேட்டேன்.

"ஆறுல போட்டேன். நூல் தீர்ந்துபோச்சு."

குறி மேசையில் நூல் தீர்ந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கேட்கலாம் என்று திரும்பினேன். தூங்கிவிட்டிருந்தாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலைநிறுத்தம் தொடங்க ஐந்து நாள் இருந்தபோது வந்தார்கள். கோடை காலம், ஏழு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. சித்தி தலைவலி என்று கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தாள். ஏழு பேர். தலையில் மாட்டிய உறை வெள்ளை வெளேரென்று, கஞ்சி மொடமொடப்போடு. அம்மா போட்ட கஞ்சிதான் அது.

"பட்டியல் எங்கே?" என்றான் முன்னால் வந்தவன்.

பானையை உடைத்தார்கள். மேசையைக் கவிழ்த்தார்கள். ஒருத்தன் நாற்காலியில் ஏறிப் பரண்மேல் பார்த்தான், நாற்காலி தன் கடமையைச் செய்தது. சித்தி கட்டில் விரிப்பை உருவி மூலையில் எறிந்துவிட்டு மெத்தையைக் கிழித்தார்கள். விரிப்பு என் காலடியில் வந்து விழுந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பயத்தில்தான் உட்கார்ந்தேன், வீரமெல்லாம் இல்லை.

ஒன்றும் அகப்படாமல் சித்தியைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். ஒருத்தன் கையில் தார் வாளி. அதே நேரம் கூடம் விட்டு, எங்கள் தெருப் பெண்கள் முப்பது நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அப்படியே நின்றார்கள். யாரும் அலறவில்லை. கொப்பரை அறையில் துடுப்புப் போடுகிற கிழவி மட்டும் நொண்டிக்கொண்டே வந்து, தார் வாளிக்காரனைச் சுற்றி ஒரு சுற்றுப் போனாள்.

"ரெண்டு புள்ளி, ஒரு கோடு" என்றாள். "என்ன தம்பி, முடிவெட்டுற கடையை அதுக்குள்ள சாத்திட்டியா? காலருக்குக் கஞ்சி அதிகமாப் போகுது, கழுத்து அறுக்குதுன்னு உன் பொண்டாட்டி சொல்லி அனுப்பினாளே, இப்ப சரியா இருக்கா?"

வாளி நின்றது.

"வட்டத்துக்குள்ள புள்ளி. டிரில் வாத்தியார் ஐயா, நல்லா இருக்கீங்களா?" இன்னொருத்தி.

"பதினேழு ஒட்டு!" என்று நான் வாசலிலிருந்து கத்தினேன். சித்தியின் ரகசியத்தை உடைத்துவிட்டேன். அதற்காக இன்றுவரைக்கும் வருத்தமில்லை.

"சின்ன முக்கோணம், மருந்துக்கடைத் தம்பி. உங்கம்மா மூட்டுவலி எப்படி இருக்கு?"

ஒவ்வொரு குறியாகப் படித்தார்கள். உரக்கக்கூட இல்லை. வேலை முடிந்து வருகிறவர்களின் குரல் அது, அதில் கத்தத் தெம்பு ஏது? முடிதிருத்துகிறவர் வாளியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு ஓடினார். மருந்துக்கடைக்காரர் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, உறையைக் கழற்றாமலே அழ ஆரம்பித்தார். டிரில் வாத்தியார் மட்டும் உறையைக் கழற்றி எறிந்து, "தேசத்துரோகிகளா!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். வெறும் முகத்தோடு கத்தியபோது அவர் குரல் முன்னைவிடச் சின்னதாக இருந்தது. அவரும் போனார். ஆறு பேரும் போனார்கள்.

ஏழாவது ஆள் போகவில்லை. கிழவி அவர் பின்னால் போய்ப் பார்த்தாள். வெறும் வெள்ளை. அவளுக்கு விசாரிக்க ஒன்றும் இல்லை. முகம் தெரியாத ஆளை நெருங்கப் பெண்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

பெயர் இல்லாததால் அவருக்குப் பயமும் இல்லை. சித்தியின் வலது கையைப் பிடித்து எங்கள் வாசலுக்கு இழுத்து வந்து, விரல்களைக் கதவிடுக்கில் வைத்தார். "பட்டியல்" என்றார், குரலை மாற்றிக்கொண்டு.

சித்தி உறையின் ஓட்டைக்குள் தெரிந்த கண்களையே பார்த்தாள்.

கதவைச் சாத்தினார். எலும்பு முறிகிற சத்தம் நான் நினைத்ததுபோல் பெரிதாக இல்லை. மறுபடி சாத்த அவர் கதவை இழுத்தபோது சித்தி சொன்னாள், பக்கத்தில் இருந்த எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் கேட்கிற அளவுக்கு:

"அண்ணா, கை வலிக்குது."

கதவு பாதியில் நின்றது. அப்போதுதான் எனக்குத் தவிட்டு வாசனை மூக்கில் ஏறியது. இவ்வளவு நேரமும் அது அந்த அறையில்தான் இருந்திருக்கிறது. அம்மா "ஐயோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் தெருவில் இறங்கி நடந்து போனார். ஓடவில்லை. உறையைக் கழற்றவும் இல்லை. பெண்கள் யாரென்று தெரியாமலேயே வழிவிட்டார்கள்.

மூன்று விரல் போயிற்று. கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. எங்கள் ஊரில் டிராமும் கதவும்தான் குற்றவாளிகள். வலது கை இல்லாமல் குறி போட முடியாது என்று சித்தியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கிழவி கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்த ஏழாவது யாரு? உனக்குத் தெரியாம இருக்காது."

"நூல் தீர்ந்துபோச்சு அக்கா" என்றாள் சித்தி.

"உனக்கு ஒரு கை போச்சு. அந்த நூலுக்கு விலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கிழவி எழுந்து போனாள்.

சொன்ன நாளில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் விரிப்புத் தட்டுப்பாடு வந்ததும் ராணுவமே வந்து மேலாளரைப் பிடித்து உலுக்கியது. தாழை எடுத்தார்கள், பலகை அடித்தார்கள். பத்து மணி நேரம் சண்டை முடிந்த பிறகு என்றார்கள். சண்டை முடியவில்லை, அம்மா இன்னும் பதினாலு மணி நேரம்தான் கஞ்சி போடுகிறாள். அந்த ஆறு வீட்டு மூட்டைகளைக் கூடத்துப் பெண்கள் தொடுவதில்லை. குறி தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. அந்த வீடுகளில் பெண்டாட்டிமார் துவைக்கிறார்கள், அவ்வளவுதான். பாவம், அடி கடைசியில் அவர்கள் முதுகுக்குத்தான் போயிருக்கிறது.

மூன்று ஞாயிறு மாமா வரவில்லை. நாலாவது ஞாயிறு மத்தியானம் வாசலில் வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது. அம்மா கதவைத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் விழ வேண்டும் என்று மனசார விரும்பினேன்.

"அதுல வேண்டாம். இங்க உட்காரச் சொல்லு" என்றாள் சித்தி.

கட்டிலில், வழக்கமான இடத்தில், விரிப்பின்மேல் உட்கார்ந்தார். ஊரெல்லாம் தேடின பட்டியல் மேல். அவர் கட்டுப்போட்ட கையைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி தலையணைக்கு அடியிலிருந்து ஊசியையும் சிவப்பு நூலையும் எடுத்து நீட்டினாள். "கோத்துக் குடுண்ணா. ஒத்தக் கையால வரமாட்டேங்குது."

வாங்கிக்கொண்டார். நூலை எச்சில் தொட்டு முறுக்கினார். நுழையவில்லை. மறுபடி முறுக்கினார். ஊசி இங்கே, நூல் அங்கே என்று போனது. நான் பிடுங்கிக் கோத்திருக்கலாம். செய்யவில்லை. எத்தனை நேரம் ஆனாலும் அவரே செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக நுழைந்தது.

அப்போது அம்மா வாசலிலிருந்தே சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு போடு."

"என்ன குறி வேணும் அக்கா?"

"சும்மா ஒரு புள்ளி போடு. எனக்கென்ன பூவும் ஏணியும்."

சித்தி விரிப்பின் ஓரத்தை இடது கையால் இழுத்து மடியில் வைத்தாள். மடிப்பைப் பிரித்ததும் ஓரத்தில் நாற்பத்தொரு சிவப்புக் குறி. மாமா பார்த்தார். தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டிலிலிருந்து எழப் போனார்.

"எழாதே. அந்தப் பக்கத்தைப் பிடி" என்றாள் சித்தி. "நல்லா இழுத்துப் பிடிண்ணா, சுருங்குது."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பழக்கமில்லாத இடது கையில் ஒரு புள்ளி போட அவளுக்கு வெகுநேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை கண் சொக்கினாள். அவள் விழித்து விட்ட இடத்திலிருந்து தைக்கும் வரைக்கும் அவர் துணியைத் தளர்த்தாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.